நெட்டில் யாருடைய நாய்

காலணியைக் கழற்ற வேண்டாம், கான்ஸ்டபிள். அப்படியே உள்ளே வாருங்கள். நாய்கள் வந்துபோகிற வீடு இது. இந்தக் கல்தரை பார்க்காத சேறு கிடையாது. கதவுக்குப் பின்னால் தொங்குகிற துண்டுகள் நாய்களைத் துடைக்க, அலமாரியில் மடித்திருப்பவை மனிதர்களுக்கு. புதிதாக வருகிறவர்கள் மாற்றித்தான் எடுப்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. உங்கள் அம்மா டீக்குப் பாலை முதலில் ஊற்றுகிறவர். நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். பிலிப்பா உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள். நெட்டிலின் உடலை நான் தர மறுக்கிறேன் என்று அழுதிருப்பாள். உண்மைதான். நெட்டில் என் தோட்டத்தில் டாம்சன் பிளம் மரத்தடியில் இருக்கிறாள். அன்றைக்குப் புதைத்துவிடச் சொன்னது அவளும் அவள் கணவர் கிளைவும்தான். இப்போது மனம் மாறி, தோண்டி எடுத்து, பிரிஸ்டலில் எரித்து, சாம்பலை ஒரு குடுவையில் போட்டுக் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டுமாம். தரமாட்டேன். இதை வறட்டுப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். நாய் யாருடையதோ அவர்களுக்குத்தான் உடலும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். யாருடையது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. அதை நிரூபிக்க வேண்டுமென்றால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் கூச்சம் ஒன்றும் இல்லை.

இந்த காட்டேஜ் முன்பு எங்கள் மாட்டுக்கொட்டகை. என் கணவர் ரெஜ் போன பிறகு மாடுகளை விற்றுவிட்டு, கூரையை மாற்றி, சமையலறை கட்டி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ‘நாயோடு தாராளமாக வரலாம்’ என்று பலகை மாட்டினேன். வருகிற ஜனங்கள் ஒரு தினுசு. நாய்க்கு மெத்தை, போர்வை, மழைக்கோட்டு, பல்பசை எல்லாம் கொண்டுவருவார்கள். தங்கள் மாத்திரையை மறந்துவிட்டு வருவார்கள். நல்லவர்கள்தான். ஷ்ராப்ஷரில் வேறு என்ன இருக்கிறது? மலை, மழை, செம்மறி. ஒருவாரம் நடந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கிளைவும் பிலிப்பாவும் முதல்முறை வந்தபோது நெட்டில் குட்டி. பழுப்பும் வெள்ளையும் கலந்த ஸ்பானியல்; காது இரண்டும் தண்ணீர்க் கிண்ணத்தில் நனையும். நாயைத் தனியாக விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது இங்கே விதி. அவர்கள் அன்று மாலையே பூட்டிவிட்டு பப்புக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். குட்டி ஊளையிட்ட ஊளை என் வீட்டுக்குக் கேட்டது. மாற்றுச் சாவி எடுத்துக்கொண்டு வந்தேன். இந்த மேசையின் காலைப் பாருங்கள், குனிந்து பாருங்கள், அந்தப் பல் தடம் அவளுடையதுதான். நாய்கள் சோபாவில் ஏறக்கூடாது என்று அங்கே எழுதி வைத்திருக்கிறேன் அல்லவா? எழுதிய நானே அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்த சோபாவில் அவர்கள் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வந்து கதவைத் திறந்தபோது நெட்டில் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி என் முழங்கை மடிப்பில் மூக்கைச் செருகிக்கொண்டாள். அன்றைக்கே முடிவான விஷயம் இது.

அதிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் வந்தார்கள். அவர்கள் கோட்டையையும் தேவாலயத்தையும் பார்க்கப் போவார்கள், நெட்டில் என்னோடு இருப்பாள். என் அப்பா ஆட்டுநாய்களைப் பழக்கியவர். இரண்டு விரலை வாயில் வைத்து அவர் அடிக்கிற விசில் ஒன்று எனக்கும் வரும். அடித்தொண்டையில் தொடங்கி வானத்துக்குப் போகும். அதை நெட்டிலுக்குப் பழக்கினேன். ஓடைக்கு அந்தப் பக்கம் முயலைத் துரத்திக்கொண்டிருந்தாலும், என் விசில் கேட்டால் முயலாவது மண்ணாவது, பறந்து வருவாள். வந்ததும் சுட்ட ஈரல் பிஸ்கட் ஒன்று. கிளைவ் மீன் விற்கிறவர் மாதிரி ‘நெட்டில், நெட்டில்’ என்று கத்திக்கொண்டே இருப்பார். அவள் காதே கொடுக்கமாட்டாள்.

பிலிப்பா அதைப் பார்த்துச் சிரிப்பாள். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது காரில் ஏறிக்கொண்டே ஒன்று சொல்வாள். “இவ எங்க பொண்ணா, உங்க பொண்ணான்னு எனக்கே சந்தேகமா இருக்கு லோர்னா. எங்களால வச்சுக்க முடியாமப் போச்சுன்னா, வேற யாருகிட்டயும் விடமாட்டோம். உங்ககிட்டதான்.”

எங்கள் ஜனங்களின் வாய் எனக்குத் தெரியாதா? ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் ‘கண்டிப்பா ஒருநாள் சாப்பிட வரணும்’ என்போம். உபசார வார்த்தை. ஆனால் ஒரே உபசாரத்தை, நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கண் கலங்க, வருடா வருடம் ஒருத்தி சொன்னால் அதற்கு வேறு பெயர். அதற்கு வாக்கு என்று பெயர். அடுத்த நிலத்து எம்ரிஸ் அவனுடைய பெட்டைநாய் போட்ட குட்டியில் ஒன்றை எனக்கென்று எடுத்துவைத்தான். “தனியா கெடந்து என்ன பண்ணப்போற? காலைச் சுத்திக்கிட்டு ஒண்ணு இருக்கட்டுமே” என்றான். வேண்டாம் என்றேன். நெட்டில் வரும்போது இன்னொரு நாய் வீட்டில் இருந்தால் அவள் மனம் கோணும். இலவு காத்த கிளி என்று என்னைச் சொல்லலாம். அப்போது நான் அப்படி நினைக்கவில்லை.

போன குளிர்காலத்தில் பிலிப்பா போன் செய்தாள். வீட்டை விற்கிறார்களாம். கிளைவுக்கு முழங்கால் போய்விட்டது, பிரிஸ்டலில் அடுக்குமாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள், அங்கே நாய் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. “நெட்டில் விஷயமா உங்ககிட்ட நேர்லயே பேசணும் லோர்னா. போன்ல சொல்ற விஷயமில்ல அது” என்றாள். நான் என்ன நினைப்பேன் என்று நினைக்கிறீர்கள்? அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த ரெஜ்ஜின் நாற்காலியை மாடிக்கு ஏற்றிவிட்டு அந்த இடத்தில் அவளுக்கு ஒரு படுக்கை வாங்கிப் போட்டேன். தபால் அலுவலகத்தில் சொன்னேன். கால்நடை மருத்துவரிடம் சொன்னேன். எம்ரிஸிடம் சொன்னேன். “சரி, உனக்கும் ஒரு ஆள் வந்தாச்சு” என்று அவன் என் தோளில் தட்டினான்.

ஏப்ரலில் வந்தார்கள். என் வீட்டுக்கே டீக்குக் கூப்பிட்டேன். புதுப் படுக்கை அடுப்போரம் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கிடந்தது. பிலிப்பா அதைப் பார்த்தாள், கிளைவைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள். கிளைவ்தான் பேசினார்.

“என் அண்ணன் பையன் ஸ்விண்டன்ல இருக்கான். வீட்டுலேருந்தே வேலை. பெரிய தோட்டம். நெட்டில அவங்க எடுத்துக்கறேன்னுட்டாங்க. அடுத்த வாரம் கொண்டுபோய் விடறோம்.”

நான் கெட்டிலைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

“உங்ககிட்ட கேக்கலாம்னுதான் இருந்தோம்,” என்றாள் பிலிப்பா. “அப்புறம் யோசிச்சோம். நீங்களும் தனி ஆளு. வயசும் ஆகுது. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான்...”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது இப்படித்தான் இருந்திருக்கும். “ரொம்ப நல்ல ஏற்பாடு” என்றேன். டீயை ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூட சிந்தவில்லை. எனக்கு அறுபத்திரண்டு வயது, கான்ஸ்டபிள். இந்த வயதுவரை என்னை யாரும் அடித்ததில்லை. அடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டு, அதையும் என் நன்மைக்காகவே செய்ததாகச் சொல்கிறார்கள். கோபப்படக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை.

அதையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மனிதர்கள் அப்படித்தான். டீ முடிந்ததும் நெட்டில் கிளைவின் காலடியில் படுத்திருந்தாள். படுக்கையைத் தட்டி, “நெட்டில், வாம்மா” என்றேன். அவள் கண்ணை மட்டும் உயர்த்தினாள். வாலை ஒருமுறை தரையில் தட்டினாள். பிறகு முகவாயைக் கிளைவின் காலணிமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். “பயணக் களைப்பு” என்றாள் பிலிப்பா. இருக்கலாம். ஆனால் நான் அதைப் பார்த்தேன். அவர்கள் செய்தது துரோகம் என்றால் இது என்ன? உப்பிட்டவர்களை நினைக்க வேண்டும் என்பது நாய்க்குமா தெரியாது? இதைப் போலீஸ்காரரிடம் சொல்வது வேடிக்கையாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

அன்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் யாருடைய நாய்.

இப்போது கேட்டைப் பற்றிச் சொல்கிறேன். வாசலில் இருந்து மலைக்குப் போகிற சந்தில், வலதுபக்கம் எம்ரிஸின் மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு கேட் இருக்கிறது. முதல் வருடம் அவர்கள் வந்தது கோடையில்; கிளைவ் நடந்துபோகும்போது அது திறந்து கிடந்தது. நகரத்து மனிதர், நல்லது செய்வதாக நினைத்து மூடிவிட்டு வந்தார். மேலே மேய்ந்த ஆடுகள் தண்ணீர்த் தொட்டிக்கு வரமுடியாமல் வெயிலில் வாடி நின்றன. எம்ரிஸ் இங்கே வாசலில் வந்து நின்று அவரைப் பிடித்த பிடி இருக்கிறதே. “ஐயா, கேட் தொறந்திருந்தா அதுக்கொரு காரணம் இருக்கும். மூடியிருந்தா அதுக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணம் தேடறது ஒங்க வேலையில்ல. எப்படிப் பாத்தீங்களோ அப்படியே விட்டுட்டுப் போங்க.” நாம் குழந்தையிலேயே கற்றுக்கொள்கிற பாடம். கிளைவ் அதை வேதம் மாதிரி பிடித்துக்கொண்டார். பப்பில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

ஆடுகள் ஈனுகிற காலத்தில் அந்த கேட் ஒருநாளும் திறந்திருக்காது. கொண்டியைப் போட்டுக் கயிறும் கட்டியிருக்கும். அதனால்தான் கிளைவ் சந்தில் நெட்டிலின் வாரைக் கழற்றிவிடுவார். இருபுறமும் வேலி, கேட் மூடியிருக்கிறது, எங்கே போய்விடுவாள்? வருடா வருடம் அந்த இடத்தில்தான் கழற்றுவார். எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அவர்கள் வருவதற்கு முன்பு ஏதோ ஒரு நாய் எம்ரிஸின் நிலத்தில் புகுந்து, ஈனக் காத்திருந்த இரண்டு ஆடுகளைக் கிழித்துப் போட்டிருந்தது. எந்த நாய் என்று தெரியவில்லை. எம்ரிஸ் என் சமையலறையில் உட்கார்ந்து டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. “இனிமே ஒரு நாய் என் ஆட்டுக்குள்ள ஓடட்டும். யாரு நாய்னு கேக்கமாட்டேன் லோர்னா. சட்டம் என் பக்கம் இருக்கு” என்றான். துப்பாக்கியை மடித்துக் கைக்கடியில் வைத்துக்கொண்டே தீனி போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் பரிதாபப்பட்டேன். இப்போதும் படுகிறேன்.

மறுநாள் காலை அவர்கள் கடைசியாக மலைக்கு நடக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் முன்னால் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். கொண்டியைத் தூக்கினேன். கோடையில் கேட் மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுக்கிற கல் ஒன்று அங்கேயே கிடக்கும். அதை நகர்த்தி வைத்தேன். ஆடுகள் மேட்டில் வைக்கோல் தொட்டியைச் சுற்றி நின்றன, எம்ரிஸ் அங்கே இருந்தான். ஆடுகள் வெளியே வந்துவிடும் என்ற கவலை இல்லை. தீனியை விட்டு வராது.

பிறகு நடந்ததை பிலிப்பாவே எனக்கு ஒப்பித்தாள். இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, திரும்பத் திரும்ப.

“கேட் தொறந்து கெடக்கே கிளைவ், உள்ள குட்டியெல்லாம் இருக்கு, மூடிடலாமான்னு கேட்டேன். கேட்டேன் லோர்னா.”

“எப்படிப் பாத்தமோ அப்படியே விடணும்” என்று கிளைவ் சொல்லியிருக்கிறார். “ஒருதரம் மூடிட்டு வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்.”

அவர் சொன்னது சரிதான். எங்கள் ஊர் வழக்கத்தை இவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடித்த வெளியூர்க்காரரை நான் பார்த்ததில்லை. இப்போது அவர் சாப்பிடுவதில்லையாம். பிலிப்பா அவரோடு பேசுவதில்லையாம். நாற்பது வருடத் தாம்பத்தியம். அடுக்குமாடி வீட்டுக்கு இரண்டு பேரும் போவார்களா என்பதே சந்தேகம் என்கிறார்கள். எம்ரிஸ் தான் சுட்டதைச் சட்டப்படி அன்றைக்கே உங்களுக்குத் தெரிவித்தான். நீங்களும் எழுதிக்கொண்டு, அவன்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆனால் அவன் துப்பாக்கியை வெளியே எடுப்பதில்லை. நேற்று வேலியோரம் நின்று என்னிடம் சொன்னான்: “அது ஆட்டைப் பாக்கவே இல்ல லோர்னா. ஆட்டைத் தொரத்தற நாய எனக்குத் தெரியாதா? வாலைத் தூக்கி, தலையத் தாழ்த்தி வரும். இது நேரா ஓடுச்சு. எங்கயோ போற மாதிரி ஓடுச்சு. நான் அவசரப்பட்டுட்டேன்.”

ஆறுதல் சொன்னேன். அவனிடம் இதைச் சொல்லலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அவனுக்குப் பாரம் குறையும். ஆனால் அவன் எங்கள் இருவருக்கும் நடுவில் வரவேண்டிய ஆள் இல்லை. நெட்டிலுக்கும் எனக்கும் என்கிறேன்.

பிலிப்பா சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். நெட்டில் அந்த கேட்டைக் கண்டதும் உள்ளே ஓடவில்லை. கிளைவின் கால் பக்கத்திலேயே நடந்து கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நல்ல நாய். “எம்ரிஸ் அவர் நாய்க்கு விசில் அடிச்சார், அதைக் கேட்டு இவளுக்குத் தலைகால் புரியாமப் போச்சு, திரும்பி உள்ள பாஞ்சுட்டா” என்கிறாள் பிலிப்பா. எம்ரிஸ் போன வருடம் முன்பல் இரண்டையும் எடுத்துவிட்டுக் கட்டுப்பல் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவனுக்கு விசில் வருவதில்லை; தொடையில் தட்டித்தான் நாயைக் கூப்பிடுகிறான். டிராக்டரிலேயே வாழ்ந்தவன், காதும் அரைக்காது. அவனுக்கு எந்த விசிலும் கேட்டிருக்காது.

நான் நிலத்துக்கு அந்தப் பக்கம், முட்செடி வேலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் மேடு, மேட்டில் ஆடுகள், ஆடுகளோடு எம்ரிஸ். மேட்டின் ஓரமாக கேட் தெரிந்தது; நெட்டில் அதைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். இரண்டு விரலை வாயில் வைத்தேன்.

குற்றம் என்று இதில் எதை எழுதுவீர்கள், கான்ஸ்டபிள்? வாரைக் கழற்றியவர் கிளைவ். கேட்டை மூடாமல் போனது இருவரும். சுட்டவன் எம்ரிஸ், சட்டம் அவன் பக்கம். நான் கூப்பிட்டேன். முந்தின நாள் என் முகத்துக்கு நேராகக் கண்ணை மூடிக்கொண்ட நாயை இன்னொருமுறை கூப்பிட்டேன். வராமல் இருந்திருக்கலாமே? கிளைவோடு அப்படியே நடந்து போயிருக்கலாமே? போயிருந்தால் நான் வீட்டுக்கு வந்து, அந்தப் படுக்கையை எரித்துவிட்டு, அவர்களுக்கு மதிய உணவு சமைத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆனால் அவள் வந்தாள். கிளைவ் கத்தக் கத்த, காது இரண்டும் பின்னால் பறக்க, மேட்டில் ஏறி, ஆட்டுக்கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஒரு குட்டியைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள். எம்ரிஸ் துப்பாக்கியை நிமிர்த்துவது எனக்குத் தெரிந்தது. சிதறிய ரவைகள் பட்டு வேலியிலிருந்து சில இலைகள் என்மேல் உதிர்ந்தன. அவள் விழுந்தபோதுகூட முகம் என் பக்கம்தான் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் அவள் பிலிப்பாவின் நாய் என்று உங்களால் எழுத முடியுமா?

டாம்சன் மரத்தைத் தொடவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று. நான் வேண்டுமென்றே அவளைக் கொன்றதாக எங்கேயாவது எழுதுவீர்களானால், இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: அந்தக் காலை என் கோட்டுப் பையில் ஈரல் பிஸ்கட் இருந்தது. அவள் வந்ததும் கொடுக்கலாம் என்று, முதல்நாள் இரவே சுட்டு வைத்திருந்தேன்.